காட்டில் கிடப்பது காட்டிலேயே கிடக்கட்டும்

யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக் காடுகளுக்கு நடைப்பயணம் செல்லும் இளைஞர் குழுக்களுக்கு,

அன்பான தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் வணக்கம்.

விடியற்புறம் புறப்பட்டு, ஆனையிறவைக் கடந்து, மாங்குளத்தில் திரும்பி, பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டுக்குள் நடந்து, பழைய கட்டடங்களின் எச்சங்களைத் தேடிப் பார்க்கும் வழக்கம் உங்களிடையே வளர்ந்து வருவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தும் நான் கரும்பலகையில் காட்ட முடியாமற்போனதை நீங்கள் நடந்து சென்று காண்கிறீர்கள்.

ஆயினும் ஒரு மனக்குறை உண்டு. சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் தன் பையிலிருந்து ஒரு மட்பாண்டத் துண்டை எடுத்து என் கையில் வைத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு, விளிம்பில் இன்னும் காட்டு மண் ஒட்டியிருந்தது. "எங்கே கிடந்தது?" என்று கேட்டேன். "காட்டுக்குள்ளே, ஒரு கல்தூணுக்குக் கிட்ட, சேர்" என்றான். எந்தத் தூண், எந்தப் பக்கம், அருகில் வேறு என்ன கிடந்தது என்பதற்கு அவனிடம் விடை இல்லை. அந்தத் துண்டு சொல்லியிருக்கக்கூடியதில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

1980இல் ஆனைக்கோட்டை அகழ்வில் கிடைத்த முத்திரையை எண்ணிப் பாருங்கள். மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துகளும் கொண்ட அச்சிறு பொருள், பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் எலும்புக்கூட்டோடு சேர்த்துக் கண்டெடுக்கப்பட்டதனால்தான் யாழ்ப்பாணத்தின் தொன்மைக்கு அது இவ்வளவு உறுதியான சான்றாக நிற்கிறது. முன்னரே எவரேனும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால், ஒரு பழம்பொருளாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருந்தும், புதையல் தேடுவோர் செங்கல் அடுக்குகளைப் பிளந்து விட்டுச்சென்ற குழிகளை நீங்களே கண்டிருப்பீர்கள். உங்கள் நோக்கம் அவர்களுடையது அன்று என்பதை நான் நன்கறிவேன். ஆனால் வருபவர் ஒவ்வொருவரும் நினைவுக்கென ஒரு துண்டை எடுத்தால், இடத்துக்கு நேர்வது ஒன்றுதான்.

ஆகவே, எதையேனும் கண்டால் அளவுக்கு ஒரு பேனையை அருகில் வைத்துப் படமெடுத்து, கைத்தொலைபேசி காட்டும் ஆள்கூறுகளைக் குறித்துக்கொண்டு, பொருளைத் தொடாமல் வந்து, அக்குறிப்பை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையிடம் கொடுங்கள். முகநூலில் இடத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். புதையல் தேடுவோரும் அதைப் பார்க்கிறார்கள். கல்வெட்டின் மேல் வெண்கட்டியால் எழுதி எழுத்தைத் தெளிவாக்க முயலவும் வேண்டாம். காலைச் சாய்வெயிலில் எழுத்து தானாகவே எழுந்து தெரியும்.

உள்ளூர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். பாலைப்பழக் காலத்தில் கரடி எந்த மரத்தடிக்கு வரும், எந்தப் பக்கம் இன்னும் மிதிவெடி அகற்றப்படவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அந்த மாணவனின் துண்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. அடுத்த பயணத்தில் அவனையும் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தூணை அவன் அடையாளம் காட்டுவானா என்று தேடிப் பார்ப்போம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்
யாழ்ப்பாணம்