வரம்பை எழுதிக் கொடுங்கள்

தமிழ்நாடு சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைகள் மீது பேரவை சுமத்தும் 'உரிமை மீறல்' குற்றச்சாட்டைப் பற்றி எழுதுகிறேன். பத்திரிகைகளுக்கு வரம்பே கூடாது என்று வாதாட வரவில்லை. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. பெயரை மட்டும் விட்டுவிட்டுத் தெருவையும் தகப்பனார் தொழிலையும் எழுதி வரும் செய்திகளைத் திருத்துகிறவன் நான். அந்தச் சட்டத்தை இன்னும் கறாராக அமல்படுத்தினாலும் வரவேற்பேன். எது தடை, மீறினால் என்ன தண்டனை, யார் விசாரிப்பார்கள் எல்லாம் அதில் எழுத்தில் இருக்கிறது.

உங்கள் உரிமை மீறல், அதாவது பேரவையின் சிறப்புரிமைகளை மீறியதாகச் சொல்லும் குற்றம், அப்படியில்லை. பேரவையின் உரிமைகளைச் சட்டம் போட்டு வரையறுக்க அரசியலமைப்பின் 194(3) பிரிவு வழிவிட்டிருக்கிறது. 1950 முதல் அப்படியொரு சட்டம் வரவே இல்லை. புகார் சொல்வதும் அவை, விசாரிப்பதும் அவைக்குழு, தண்டிப்பதும் அவை.

1987இல் அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தீர்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே விட்டுவிட்டீர்கள். 2003இல் 'தி இந்து'வின் முறை. முதல்வர் ஜெயலலிதாவின் பேரவைப் பேச்சைப் பற்றிய செய்திகளில் சீறினார், ஆத்திரமடைந்தார், உச்சக்குரலில் பேசினார் என்கிற ரகச் சொற்கள் இருந்தன. அவற்றுக்கும், பிறகு வந்த தலையங்கத்துக்கும் சேர்த்து 15 நாள் சிறை. அந்தத் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட முரசொலி ஆசிரியருக்கும் அதே தண்டனை. உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் போலீஸ் பத்திரிகை அலுவலகத்துக்கே போய்விட்டது.

சரி, ஓர் உறுப்பினர் ஆத்திரப்பட்டால் 'ஆத்திரப்பட்டார்' என்று எழுதலாமா, கூடாதா? இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் விடை கிடையாது. நிருபர் 'கொந்தளித்தார்' என்று அனுப்புவார். நாங்கள் 'பேசினார்' என்று மாற்றிப் பக்கத்தை முடித்துவிடுவோம். வழக்கு வராது, வாசகருக்கும் எதுவும் தெரியாது. (உண்மையில் மேசையைத் தட்டிக் கத்தியிருப்பார்.)

உரிமை மீறலை வரையறுக்கும் மசோதாவை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள். சிறைத் தண்டனை விதிக்கும் வேலையை நீதிமன்றத்திடம் விடுங்கள். இன்று எதிர்வரிசையில் இருப்பவர்கள் இதை முன்மொழிந்தால் ஆளுங்கட்சியும் கைகொடுக்கலாம். இடம் மாறி உட்கார்ந்த அனுபவம் இரு தரப்புக்கும் உண்டு.

மசோதா தாமதமானாலும் ஒன்றை உடனே செய்யலாம். அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய பேச்சை அச்சிடுவது உரிமை மீறல் என்று 1958இல் 'சர்ச்லைட்' நாளிதழ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாகிவிட்டது. எதை நீக்கினீர்கள் என்பதையாவது பக்கம் அச்சுக்குப் போகும் முன் எழுத்தில் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாளிதழின் உதவி ஆசிரியர்