தண்ணி டம்ளர்

சத்தியமங்கலம்

அன்புள்ள கண்ணு,

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். போன வாரம் உன் தங்கச்சி லேப்டாப்பில் ‘இனிஷியல் டி’ படத்தைப் போட்டாள். “அண்ணன் சனிக்கிழமை ராத்திரி கார் எடுத்துட்டுப் போற மலை இதுதாம்ப்பா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே.

1995இல் ஜப்பானில் ஷூயிச்சி ஷிகெனோ வரைய ஆரம்பித்த சித்திரக்கதையாம். 2005இல் ஹாங்காங்காரர்கள் பாடகர் ஜே சௌவை நடிக்க வைத்துப் படமாக்கியிருக்கிறார்கள். கதையில் அகினா என்று பேர் மாற்றினாலும், நீ இருக்கும் தகசாகிக்குப் பக்கத்து ஹருனா மலைதானாம் அது. தோஃபு கடைக்காரர் மகன் விடிவதற்குள் மலைமேல் சரக்கைப் போட்டுவிட்டு, பழைய டொயோட்டாவில் வளைவுக்கு வளைவு சறுக்கி இறங்குகிறான். அவன் அப்பன் வண்டிக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அனுப்புகிறான், சிந்தக்கூடாது. அந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

தாளவாடியில் தக்காளி ஏற்றித் திம்பம் மலைரோட்டின் 27 கொண்டை ஊசி வளைவையும் இறங்கினவனுக்கு அது சினிமாவாகத் தெரியாது. வளைவுக்குள் போய் பிரேக்கை மிதித்தால் சுமை முன்னால் சாயும். அடிப்பெட்டி நசுங்கிச் சாறு விடும், மண்டியில் வாடகையில் பிடிப்பார்கள். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல் திருப்ப வேண்டும். என்னுடைய டம்ளர் அந்த அடிப்பெட்டிதான். கதை எழுதினவருக்கு வண்டி தெரியும். படத்தில்தான் டயர் புகைக்குக் கொடுத்த இடத்தை டம்ளருக்குக் கொடுக்கவில்லை. எதிரே கரும்பு லாரி ஒன்றுகூட ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பிறப்பதற்கு ரெண்டு வருசம் முன்னால், காலி வேனில் இறங்கும்போது இன்னொரு டிரைவரோடு பந்தயம் கட்டினேன். பண்ணாரி செக்போஸ்டுக்கு யார் முதலில் வருவது என்று. பந்தயம் ரெண்டு புரோட்டா! நியூட்ரலில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை அமுக்கியே வந்தேன். பாதி மலை இறங்குவதற்குள் லைனர் கருகும் வாடை. அடுத்த மிதியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கியரும் விழவில்லை. எதிரே பஸ் ஹாரன் கேட்டது. மலைப்பக்கச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசி உரசித்தான் நின்றேன். பஸ் ஒரு முழம் தள்ளிப் போனது. ஜன்னலோரம் ஒரு குழந்தை முறுக்குத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தது.

வேகம் பிடிக்கும் என்றால் பொங்கலுக்கு வரும்போது செட்டிபாளையம் போகலாம். அங்கே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, எல்லா வண்டியும் ஒரே பக்கம் போகிற ரோடு. ஃபார்முலா ஒன் ஓட்டின நரேன் கார்த்திகேயனும் நம்ம கோயம்புத்தூர்ப் பையன்தானே.

அப்புறம், வேன் நசுங்கியதற்குக் காட்டுப்பன்னி குறுக்கே வந்தது என்றுதான் உங்கம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளிடம் பேசும்போது பன்னியாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா