'நாட்' எங்க போய் ஒட்டுதுன்னு சொல்லிக்கொடுங்க

ஆசிரியருக்கு வணக்கம். உங்க பேப்பர்ல வர்ற ஆங்கிலம் கத்துக்கற பகுதிய விடாம படிக்கறவன் நான். நல்லாத்தான் போயிட்டிருக்கு, ஆனா எதிர்மறை வாக்கியம்னு வந்தா மட்டும் எல்லா இலக்கண புக்குலயும் இருக்கற அதே பல்லவிதான்: ஒரு வாக்கியத்த எழுது, நடுவுல 'நாட்' போடு, அர்த்தம் தலைகீழா மாறிடும். நிஜத்துல பேசற இங்கிலீஷ் அப்படி நடக்கறதில்ல சார், அத பத்திதான் இந்த லெட்டர்.

முதல்ல 'டிடன்ட் வென்ட்', 'டஸன்ட் கோஸ்'னு வர்ற தப்ப எடுத்துக்குவோம். இத நூறு தடவ எழுத வச்சாலும் போகாது, ஏன்னா காரணத்த யாரும் சொல்றதில்ல. காரணம் நம்ம வாய்லயே இருக்கு. 'வரமாட்டான், வரமாட்டேன், வரமாட்டோம்'னு சொல்றோம்ல, இதுல யாரு என்னங்கற சுமைய முழுக்க தூக்கறது 'மாட்டு'தான், 'வர'ங்கறது அப்படியே மொட்டையா நிக்குது, 'வருவான்மாட்டான்'னு மூணு வயசு குழந்தகூட சொல்லாது. இங்கிலீஷ்லயும் அதே கததான். 'டஸன்ட்' அந்த 'எஸ்'ஸ வாங்கிக்கிச்சு, 'டிடன்ட்' இறந்தகாலத்த வாங்கிக்கிச்சு, அப்புறம் பின்னாடி வர்ற 'கோ'வுக்கு வேல இல்ல, அது சும்மா 'கோ'தான். இத ஒரு தடவ சொன்னா பையன் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான்.

சிக்கல் எங்கன்னா, நம்ம 'வரல'வுக்கு காலமே கிடையாது. 'நேத்து வரல', 'இன்னும் வரல', 'நான் வரல நீங்க போங்க', மூணுக்கும் ஒரே 'வரல'. இங்கிலீஷ்ல இது மூணும் தனித்தனி, 'டிடன்ட் கம்', 'ஹேஸன்ட் கம்', 'ஐ ஆம் நாட் கமிங்'. ஒண்ண எடுத்து இன்னொண்ணு இருக்கற எடத்துல வச்சா கேக்கறவனுக்கு குழப்பம். ஆக நம்ம ஆளு தடுமாறறது 'நாட்' தெரியாம இல்ல, 'வரல'ங்கற ஒரே மூட்டைய மூணா பிரிக்க தெரியாமதான்.

'டோன்ட்', 'டஸன்ட்', 'டிடன்ட்' எல்லாத்துக்குள்ளயும் இருக்கற இந்த 'டூ' எதுக்கு நடுவுல வந்து உக்காந்துச்சுன்னு பசங்க கேப்பாங்க, கேக்கணும். ஓட்டோ யெஸ்பர்சன்னு டென்மார்க்காரர் ஒருத்தர், 1917லயே இங்கிலீஷ்லயும் மத்த மொழிகள்லயும் எதிர்மறை எப்படி மாறிச்சுன்னு ஒரு புக்கே போட்டிருக்கார். பழைய இங்கிலீஷ்ல வினைக்கு முன்னாடி 'நே'ன்னு ஒரு சின்ன சொல்லு, அது காதுல சரியா விழலேன்னு பின்னாடி 'நாட்' ஒண்ணு துணைக்கு வந்துச்சு, கொஞ்ச நாள் ரெண்டும் சேந்து ஓடி அப்புறம் 'நே' உதுந்துபோச்சு, 'ஐ சே நாட்' ஆச்சு, கடைசில 'டூ' வந்து 'ஐ டூ நாட் சே', அதுவும் தேஞ்சு 'ஐ டோன்ட் சே'. 1611ல வந்த ஆங்கில பைபிள்ல பாத்தா 'டோன்ட் நோ'வுக்கு பதிலா 'நோ நாட்'தான் நெறைய இருக்கும், நம்ம 'அறியேன்' மாதிரி. இன்னைக்கு யாராவது 'ஐ நோ நாட்'னு பேசினா மேடை நாடக வசனம் மாதிரி இருக்கும். அந்த கம்பீரத்துக்காகவே 1961ல அமெரிக்க அதிபர் கென்னடி பதவியேற்பு உரைல அந்த பிரபலமான வரிய 'ஆஸ்க் நாட்'னு சொன்னார், 'டோன்ட் ஆஸ்க்'னு சொல்லிருந்தா அந்த எடுப்பு வந்திருக்காது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 'நாட்' போட்டா தலைகீழ்ங்கறது சில எடத்துல ஆபத்தான பாடம். 'யூ மஸ்ட் கம்'னா நீ வந்தே ஆகணும். 'ஹேவ் டு' போட்டாலும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான். சரி, ரெண்டையும் எதிர்மறையாக்குங்க. 'மஸன்ட் கம்'னா வரக்கூடாது, தடை. 'டோன்ட் ஹேவ் டு கம்'னா வரணும்னு கட்டாயம் இல்ல, இஷ்டம் இருந்தா வா. நேர்ல ஒண்ணா இருந்தது எதிர்ல ரெண்டு திக்குக்கு போயிடுச்சு. 'நீங்க கஷ்டப்பட்டு வரவேணாம்'னு மரியாதையா சொல்ல நெனச்சவர் 'யூ மஸ்ட் நாட் கம்'னு ஆபீஸ் மெயில்ல எழுதினா வாங்கறவருக்கு எப்படி இருக்கும், வீட்டு வாசல்ல நிறுத்தி வெளிய போன்னு சொன்ன மாதிரி இருக்கும். தமிழ்லயும் 'வரணும்'ங்கறதுக்கு எதிரா 'வரக்கூடாது', 'வரத் தேவையில்ல'ன்னு ரெண்டும் இருக்கு, அத பக்கத்துல வச்சு காட்டினாலே போதும்.

'வோன்ட்'னா எதிர்காலம்னு மட்டும் சொல்லிக்கொடுக்கறாங்க, அதுவும் பாதிதான். 'த டோர் வோன்ட் ஓப்பன்'ங்கறது நாளைக்கு கதவு திறக்காதுன்னு ஜோசியம் சொல்றது இல்ல, இப்ப இங்க நின்னு தள்றேன், 'திறக்கவே மாட்டேங்குது'. கதவுக்கும் வண்டிக்கும் அடம் பிடிக்கற குணம் இருக்கற மாதிரி அவங்களும் பேசறாங்க நாமளும் பேசறோம், எவ்வளவு அழகான ஒத்துமை, இத எந்த புக்கும் சொல்லி நான் பாக்கல.

அப்புறம் 'ஐ திங்க்' விவகாரம். நாம 'அவன் வரமாட்டான்னு நெனைக்கறேன்'னு சொல்லுவோம், அத அப்படியே 'ஐ திங்க் ஹீ வோன்ட் கம்'னு போட்டா இலக்கணப்படி தப்பே இல்ல, ஆனா அவங்க பேச்சுல பெரும்பாலும் 'ஐ டோன்ட் திங்க் ஹீ வில் கம்'தான் வரும். இல்லைங்கறத வருகை மேல ஏத்தாம நெனப்பு மேல ஏத்திட்டா கொஞ்சம் மெதுவா, நோகாம இருக்கும். 'ஒய் டோன்ட் யூ சிட் டவுன்'ங்கறதும் இந்த ஜாதிதான், ஏன் உக்காரலன்னு விளக்கம் கேக்கறது இல்ல, உக்காருங்களேன்னு உபசாரம். காரணம் சொல்ல ஆரம்பிச்சா சிரிப்பாங்க.

எதிர்மறைல கேட்ட கேள்விக்கு பதில் சொல்றதுலதான் ரொம்ப பேர் கவுந்துடறாங்க. 'நீங்க இதுக்கு முன்னாடி இந்த வேல பாத்ததில்லயா?'ன்னு கேட்டா நாம 'ஆமா, பாத்ததில்ல'ன்னு சொல்லுவோம், கேட்டவர் சொன்னது சரின்னு தலையாட்டறோம். இங்கிலீஷ்ல கேட்டவர பாக்காம விஷயத்த மட்டும் பாக்கணும்: பாக்கலேன்னா 'நோ, ஐ ஹேவன்ட்', பாத்திருந்தா 'எஸ், ஐ ஹேவ்'. வெறும் 'எஸ்'னு சொல்லி நிறுத்தினா இண்டர்வியூல இவருக்கு அனுபவம் இருக்குன்னு எழுதிக்குவாங்க. அதனால 'எஸ்', 'நோ'வோட நிக்காம பின்னாடி அந்த குட்டி வினையையும் சேத்து சொல்ல பழக்குங்க, குழப்பமே வராது. 'டூ யூ மைண்ட்' கேள்வி இதுக்கும் ஒரு படி மேல, அங்க சம்மதம்னா 'நோ, நாட் அட் ஆல்', அதாவது எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.

இன்னொண்ணு, எழுத்துல பிரச்சனையே இல்லாம காதுல மட்டும் படுத்தறது 'கேன்', 'கான்ட்' ஜோடி. அமெரிக்க பேச்சுல இது 'கேன்ட்', கடைசி 'ட்' பாதிக்கு மேல முழுங்கிடுவாங்க, அப்ப ரெண்டையும் எப்படி பிரிக்கறாங்கன்னா அழுத்தத்துலதான். முடியும்னா 'ஐ கன் கம்'னு 'கேன்' சுருங்கி ஓடிடும், அழுத்தம் 'கம்' மேல விழும். முடியாதுன்னா அந்த 'கேன்ட்' நீளமா, அழுத்தமா வரும். நம்ம ஆளு நல்லெண்ணத்துல 'ஐ கேஏன் கம்'னு அழுத்தி சொல்றார், போன்ல அந்தப்பக்கம் இருக்கறவர் வரமுடியாதாம்னு கட் பண்ணிடறார். பேப்பர்ல சத்தத்த அச்சடிக்க முடியாதுதான், ஆனா எந்த எழுத்து மேல அழுத்தம்னு தடிமனா போட்டு காட்டலாமே, அடுத்த வார பகுதில இதுக்கு ஒரு கால் பக்கம் ஒதுக்கினீங்கன்னா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகன்