வசந்திக்கு: ரோஜா அத்தரும் ஊத் அத்தரும்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. காய்ச்சலோடு போன வாசனை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு மீதியை அப்புறம்தான் படித்தேன். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு குப்பிகளைக் காலையும் மாலையும் முகர்வது அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் விடாதே. தாமஸ் ஹம்மல் என்ற ஜெர்மன் மருத்துவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதே நான்கைத்தான் 12 வாரம் முகர வைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பலன் தெரிந்தது.

இங்கே பெரிதாகச் செய்தி ஒன்றும் இல்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் வேலை மாறிவிட்டான், முன்பை விட அதிகம் புலம்புகிறான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "ரோஜாக் குப்பி சோப்பு மாதிரி இருக்கிறது, இதற்காகவா நீ அந்தச் சின்னச் சின்ன அத்தர்களைச் சேர்த்து வைக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். அந்த ஆய்வில் ரோஜாவுக்குப் பதிலாக வைத்தது ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற ஒரே ஒரு பொருள். உன் குப்பியிலும் அதுவே இருக்கலாம். பூவில் அது நிறையவே உண்டு. ஆனால் தண்ணீரில் கரையும் குணமுள்ளது என்பதால் காய்ச்சி வடிக்கும்போது பெரும்பகுதி பன்னீரோடு போய்விடுகிறது. மேலே மிதக்கும் எண்ணெயில் அது கொஞ்சம்தான். அங்கே சிட்ரோனெல்லால், ஜெரானியால் என்ற இரண்டு மணப்பொருள்கள்தான் அதிகம், கூடவே நூற்றுக்கணக்கான சில்லறைப் பொருள்கள். அந்தச் சில்லறையில்தான் விஷயமே இருக்கிறது. டமாசினோன் என்று ஒன்று, நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் மூக்கு அதைத்தான் முதலில் பிடிக்கும். நல்ல ரோஜா எண்ணெயைக் கையில் தடவினால் எலுமிச்சைத் தோல் போல ஒரு புளிப்பு வரும், பிறகு மிளகுக் காரம், பிறகு தேன். சோப்பு எங்கேயும் வராது.

பல்கேரியாவின் கசான்லக் பள்ளத்தாக்கு, துருக்கியின் இஸ்பார்த்தா, சவூதியின் தாயிஃப், நம் நாட்டில் கன்னோஜ் என்று எங்கே போனாலும் வெயில் ஏறுமுன் ரோஜாவைப் பறித்தாக வேண்டும். ஏறிவிட்டால் வாசனை காற்றோடு போய்விடும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டுமாம். கலப்படம் மலிந்ததற்கு இதுதான் காரணம். பாமரோசா என்ற புல்லெண்ணெயிலும் ஜெரானியால் நிறைய இருப்பதால், அதைக் கலந்து ஏமாற்றுவது பழைய தந்திரம்.

நான் சேர்க்கும் இன்னொரு அத்தரான ஊத் வேறு ஜாதி. நம் அகில்தான் அது. அக்விலேரியா மரம் நோயில்லாமல் வளர்ந்தால் கட்டை வெளிறி, லேசாக, ஒரு வாசனையும் இல்லாமல் இருக்கும். பூச்சி துளைத்தோ கிளை முறிந்தோ உள்ளே பூஞ்சை புகுந்தால்தான் மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரிய பிசினைச் சுரக்கும். பிசின் ஊறிய அந்தக் கட்டையைத் தூளாக்கி, பல இடங்களில் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, அதன் பிறகு காய்ச்சுவார்கள். ஊறும்போது புளிக்கும். அதனால் சில ஊத் எண்ணெய்களைத் திறந்ததும் மாட்டுத் தொழுவ வாடை குப்பென்று அடிக்கும். பயந்து மூடிவிடாதே. அரைமணி நேரம் பொறுத்தால் தோல், புகை, காய்ந்த மரம் என்று ஒவ்வொன்றாக இறங்கி, மறுநாள் காலையிலும் சட்டைக் கையில் மிச்சம் இருக்கும்.

இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ரோஜா தனியாக இருந்தால் சீக்கிரம் கிளம்பிவிடும். ஊதின் பொருள்கள் கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும், ரோஜாவையும் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். பதிலுக்கு ஊதின் கசப்பை ரோஜா ஆற்றும். எந்த நேரத்தில் எது மேலே வரும் என்பது உன் தோலையும் அன்றைய வெக்கையையும் பொறுத்தது. எனக்குப் பிடித்தது அதுதான், வசந்தி. 2002-இல் இவ் சான் லோரான் நிறுவனத்தின் எம்7 என்ற வாசனைத் திரவியம் வந்ததிலிருந்து ஊத் பெயர் போட்ட ஸ்ப்ரேக்கள் பெருகிவிட்டன. பெரும்பாலானவற்றில் இருப்பது செயற்கைக் கலவை. அவை மட்டம் என்று சொல்ல மாட்டேன், சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சொல்ல வேண்டியதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லி முடித்துவிடுகின்றன.

இயற்கை என்றால் உடம்புக்கு நல்லது என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதே. ஜெரானியாலும் சிட்ரோனெல்லாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பவை. ரோஜா எண்ணெயில் தானாகவே இருக்கும் மெத்தில் யூஜினாலுக்கு நறுமணத் துறையே வரம்பு வைத்திருக்கிறது.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. எந்த மரத்தில் பிசின் இருக்கிறது என்று வெளியே தெரியாததால், தேடிப் போனவர்கள் கண்ட மரத்தையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். இப்போது அக்விலேரியா பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் 2005 முதல் இருக்கிறது. தோட்டத்தில் வளர்த்து, துளையிட்டு, பூஞ்சையைச் செலுத்திப் பிசின் எடுக்கிறார்கள். பழைய காட்டு மரத்தின் ஆழம் அதில் இல்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். இருக்கட்டும், எனக்குத் தோட்டத்து ஊதே போதும். "அசல் காட்டு ஊத்" என்று யாராவது பெருமையாக நீட்டினால் வாங்குவதில்லை.

உனக்கு ஒரு துளி ரோஜாவும் ஒரு துளி ஊதும் தனித்தனியாக அனுப்புகிறேன். மூக்கு திரும்பி வரும் காலத்தில் நல்ல வாசனைகூடச் சிலருக்குக் கருகலாகத் தெரியுமாம், அதனால் ஊதை இப்போதே திறக்காதே. முதலில் ரோஜாவை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, அரிப்பு இல்லை என்றால் மட்டும் மணிக்கட்டில் வை. தேய்க்காதே. எப்போது என்ன தெரிந்தது என்று எழுது, உன் மூக்கு எவ்வளவு தேறியிருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

அப்புறம், உன் தம்பியின் வீட்டு வழக்கு என்ன ஆயிற்று? போன கடிதத்தில் பாதியிலேயே விட்டுவிட்டாய்.

அன்புடன்,
சாந்தி