தீர்வு இருக்கிறதா என்று முதலில் பார்

கிருஷ்ணகிரி

அன்புள்ள கண்ணு,

ஒரு தொகையீட்டை மிகக் குறைவாக்கும் சார்பைத் தேட உதவும் ஆய்லர்-லக்ராஞ்சி சமன்பாட்டைத் தீர்த்த பிறகும், தீர்வு உண்டு என்று எதற்குத் தனியாக நிரூபிக்க வேண்டும் என்று போனில் கேட்டாய். தனியாக நிரூபிக்கச் சொல்லும் உன் கைடுதான் சரி. சிறுமம், அதாவது மிகக் குறைந்த மதிப்பைத் தரும் சார்பு, ஒன்று இருந்தால் அது எப்படி இருக்கும் என்பதைத்தான் அந்தச் சமன்பாடு சொல்லும். இருக்கிறதா என்று சொல்லாது.

கணித மேதை ரீமான் எவ்வளவு பெரிய ஆள்! ஆற்றல் தொகையீடு (சாய்வின் வர்க்கத்தைத் தொகையிட்டது) பூச்சியத்துக்குக் கீழே போகாது, எனவே அதைச் சிறுமமாக்கும் சார்பு இருந்தே தீரும் என்று அவரே எடுத்துக்கொண்டார். அந்த வாதம் நிற்காது என்று 1870இல் வையர்ஸ்ட்ராஸ் என்ற இன்னொரு கணிதர் காட்டினார். அவருடைய உதாரணத்தை நீயே தாளில் போட்டுப் பார். எக்ஸ் −1இலிருந்து 1 வரை போகிறது, ஒய்யும் −1இல் தொடங்கி 1இல் முடிய வேண்டும். சாய்வின் வர்க்கத்தை எக்ஸின் வர்க்கத்தால் பெருக்கித் தொகையிடு. ஏற்றம் முழுவதையும் −0.1க்கும் 0.1க்கும் நடுவில் வைத்தால் 1/15 வரும். 0.01க்குள் நெருக்கினால் 1/150. இப்படிப் பூச்சியத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், தொட மட்டும் முடியாது. தொட வேண்டுமென்றால் சாய்வே இருக்கக் கூடாது, அப்புறம் ஒய் எப்படி ஏறும்?

1900 வாக்கில் கணிதர் ஹில்பர்ட் இதற்கு வழி கண்டார். மதிப்பு இறங்கிக்கொண்டே போகும் சார்புகளின் வரிசையை எடுத்து, அதிலிருந்து ஒரே சார்பை நோக்கி ஒருங்கும் உள்வரிசையைப் பிரித்து, அந்த எல்லைச் சார்பில் மதிப்பு மேலே தாவாது என்று காட்ட வேண்டும். உனக்கு வேலை இருப்பது இங்கேதான். ஒரே தீர்வுதான் என்பது கண்டிப்பான குவிவு (இரண்டு சார்புகளின் சராசரிக்கு வரும் மதிப்பு, அவற்றின் மதிப்புகளின் சராசரியைவிடக் குறைவாக இருப்பது) இருந்தால் சுலபம்: இரண்டு சிறுமங்கள் இருந்தால் அவற்றின் சராசரி இன்னும் குறைந்த மதிப்பைத் தந்துவிடும்.

குவிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 6 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வளையல்களைச் சேர்த்து சோப்புத் தண்ணீரில் முக்கி, மெல்லப் பிரி. நடுவில் வட்டப் படலம் நின்றால் காய்ந்த விரலால் குத்திவிடு. படலம் தன் பரப்பைக் குறைக்கப் பார்ப்பதால் இடுப்பு சிறுத்த குழாய் ஒன்று கிடைக்கும். அதே இடைவெளியில் சமன்பாட்டுக்கு இன்னும் ஒடுங்கிய இன்னொரு குழாயும் தீர்வுதான், ஆனால் அது நிலைக்காது. இடைவெளி சுமார் 3.2 செ.மீ. தாண்டினாலே இரண்டு தட்டையான வட்டங்களின் பரப்புதான் குறைவு. ஆனாலும் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் குழாய் வடிவில் தீர்வே கிடையாது, பட்டென்று அறுந்து வளையலுக்கு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

வையர்ஸ்ட்ராஸ் உதாரணத்தில் எக்ஸின் வர்க்கம் நடுவில் பூச்சியமாவது போல, உன் கணக்கில் சாய்வின் வர்க்கத்தோடு பெருக்கும் கெழு எங்காவது பூச்சியமாகிறதா? அதை முதலில் பார்த்து எழுது. அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், இந்த வாரம் பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா