ஈறு சுத்தம் செய்வதற்கு முன் காய்ச்சல் உண்டா என்று கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈறில் ரத்தம் வந்தால் ஒழுங்காகப் பல் துலக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். போன நவம்பர் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் கணவருக்கு வயது 54, பத்து வருடமாகச் சர்க்கரை. பல்லை விட்டு ஈறு விலகி சில இடங்களில் 6 மில்லிமீட்டர் பள்ளம், 3 வரைக்கும் இருந்தால் பரவாயில்லையாம். வேர் வரை சுத்தம் செய்ய நான்கு தடவை வரச் சொன்னார்கள். இரண்டாவது தடவைக்கு முதல் நாளே அவருக்கு உடம்பு வலி, லேசான காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு போய்விட்டார். அங்கே பிரஷர் உண்டா என்று கேட்டார்கள், சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார்கள், காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் தலையணை உறை முழுக்க ரத்தக் கறை. போன் செய்தால், "சுத்தம் பண்ணின இடம் அப்படித்தான் இருக்கும், உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லுங்க" என்றார்கள். வலிக்குக் கொடுத்திருந்த இபுபுரூஃபனை வேறு அவர் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் கையில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்து ரத்தம் சோதிக்க ஓடினோம். டெங்கு. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது, 32 ஆயிரம்தான் இருந்தது.

டெங்குவில் ஈறு ரத்தம் அபாய அறிகுறி, அந்த நேரத்தில் இபுபுரூஃபனோ ஆஸ்பிரினோ போட்டால் ரத்தக் கசிவு கூடும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான் என்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு எங்களுக்குச் சொல்லப்பட்டது. அவர் பிழைத்து வந்தார். ஆனால் ஈறு ஆறவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, ரத்தம் வருமோ என்ற பயத்தில் பிரஷ்ஷைத் தொடவே இல்லை, சர்க்கரையும் ஏறிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அளந்தால் அதே 6 மில்லிமீட்டர். செய்த சிகிச்சையெல்லாம் வீண்.

இப்போது பார்க்கும் பல் டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஈறு நோய்க்கு அடிப்படை பல்லில் படியும் பாக்டீரியாக் காறைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அமெரிக்காவில் யோர்கன் ஸ்லாட்ஸ் என்ற ஈறு ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1990களிலேயே, ஆழமான ஈறுப் பள்ளங்களில், உதட்டுக் கொப்புளம், அக்கி போன்றவற்றை உண்டாக்கும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களும் இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். இந்த வைரஸ்கள் ஒருமுறை உடம்பில் புகுந்தால் ஆயுசுக்கும் தூங்கிக்கொண்டிருக்கும், எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்துக்கொள்ளும், பாக்டீரியாவோடு சண்டை போட வேண்டிய அணுக்கள் சோர்ந்துபோனால் எவ்வளவு சுரண்டிச் சுத்தம் செய்தாலும் ஆறுவது தாமதமாகும் என்பது அவர்கள் கருத்து. வைரஸ்தான் ஈறு நோயை உண்டாக்குகிறது என்று யாரும் முடிவு கட்டிவிடவில்லை என்பதையும் அவரே சொன்னார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு ஈறு முழுக்கச் சிவந்து வீங்கி, வாயெல்லாம் கொப்புளம் வந்தால் அது பெரும்பாலும் ஹெர்பிஸ். ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. அதற்கான வைரஸ் மருந்தை முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். பெரியவர்களுக்கு உதட்டில் அந்தக் கொப்புளம் இருந்தால், காய்ந்து ஆறும்வரை பல் சுத்தத்தைத் தள்ளிப்போடுவதுதான் சரி, இல்லையென்றால் சுத்தம் செய்யும்போது தெறிக்கும் நீரோடு கண்ணுக்கும் டாக்டர் விரலுக்கும் பரவும்.

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் இருப்பவர்களுக்கு ரத்தம் உறைவதிலேயே சிக்கல் வரலாம். எச்ஐவி உள்ளவர்கள் ஒழுங்காக மருந்து எடுத்துக் கட்டுக்குள் வைத்திருந்தால் ஈறு சிகிச்சைக்குத் தடையே இல்லை. ஆனால் சொன்னால் விரட்டிவிடுவார்களோ என்று மறைக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது டாக்டர்கள்தான்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பல் கிளினிக்குகளில் நிரப்பச் சொல்லும் படிவத்தில் "கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சல், அக்கி, வாய்ப்புண், மஞ்சள் காமாலை ஏதாவது வந்ததா?" என்று ஒரு வரி சேர்க்கட்டும். மழைக்காலத்தில் அதை வாய்விட்டும் கேட்கட்டும். சுத்தம் செய்த பின் காய்ச்சலோடு ரத்தமும் வருகிறது என்று யாராவது போன் செய்தால், உப்புத் தண்ணீர் சொல்வதற்கு முன் பிளேட்லெட் பார்க்கச் சொல்லட்டும்.

என் கணவருக்கு வரும் வியாழக்கிழமை முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார்கள். ரத்த அறிக்கையோடு நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி