வன்னிக்கு ஒரு கண் ஆஸ்பத்திரி வேண்டும்

வடமாகாண சுகாதாரப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை எங்கள் பெரியம்மாவைக் கண்புரை ஒப்பரேசனுக்குக் கூட்டிப் போய், செய்யாமலே திருப்பிக் கூட்டி வந்தோம். இப்படித் திரும்புவது இது முதல் தடவை இல்லை. கண் டொக்டருக்கு வேறு இடத்தில் கடமையாம். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை எழுதித் தந்தார்கள். அந்தத் தாதியோடு கோபிக்க மனம் வரவில்லை, பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து விடியமுன் வெளிக்கிட வேண்டும். கண் தெரியாதவரைத் தனியே அனுப்ப முடியாது, கூடப் போகிறவரின் அன்றைய கூலி போய்விடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பெரியம்மாவின் மூத்த மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டுதான் பெரியம்மா ஒவ்வொரு போராட்டத்திலும் நிற்பார். அண்மையில் அதைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு தாய்தான் நிமிர்த்திக் கொடுத்தார். மகனைத் தேடித் தாருங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. அந்தப் படத்தையாவது அவர் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

கண்ணுக்குள் மங்கிப்போன வில்லையை (லென்ஸை) எடுத்துவிட்டு செயற்கை வில்லை வைப்பது, கைதேர்ந்தவருக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலை. மதுரையில் டொக்டர் வெங்கடசாமி 1976 இல் வெறும் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அங்கே ஒரு மேசையில் ஒப்பரேசன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். சோதிப்பது, சொட்டுமருந்து விடுவது, கண்ணாடிக்கு அளவு பார்ப்பது எல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்பிள்ளைகளின் வேலை. 1992 இல் வில்லையையும் தாங்களே செய்யத் தொடங்கி விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். வசதியுள்ளவர் கட்டும் காசில் இல்லாதவருக்கும் பார்வை கிடைக்கிறது. இந்த முறையைப் பிற நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் அவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். மதுரை எங்களுக்குத் தூரமும் இல்லை, பாஷையும் ஒன்றுதான்.

வன்னிக்கு அப்படியொரு கண் ஆஸ்பத்திரி வேண்டும். மாங்குளத்தில் வைத்தால் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மல்லாவி எல்லாப் பக்கத்தாரும் வந்து சேரலாம். கிழமை நாட்களில் ஒவ்வொரு நாளும் ஒப்பரேசன் நடக்க வேண்டும். ஊர் ஊராகக் கண் சோதித்து, தேவையானவர்களை பஸ்ஸில் ஏற்றிப்போய், திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். நீரிழிவும் கண் அழுத்தமும் பறித்த பார்வை பெரும்பாலும் திரும்பாது. அதையும் இந்தச் சோதனையில்தான் நேரத்தோடு பிடிக்கலாம்.

கட்டடத்தைத் திறந்து கல்வெட்டு வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆளில்லாத கட்டடத்தால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. 1961 இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்தின் வழியாக உலகுக்கே கண் கொடுக்கும் நாடு இந்த இலங்கை. இங்கே ஒரு தாய் பத்து நிமிட ஒப்பரேசனுக்காக இருட்டில் காத்திருப்பது அநியாயம்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறிதாகத் தொடங்கினாலும் போதும். நிரந்தரமாக ஒரு கண் டொக்டர், இரண்டு மேசை, பயிற்சி பெற்ற ஆட்கள். பஸ் ஒழுங்கையும், கூட வருபவர்களின் சாப்பாட்டையும் ஊர்ச் சங்கங்களோடு சேர்ந்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இதைப்பற்றி எங்களோடு இருந்து பேச ஒரு நாள் ஒதுக்குங்கள். வன்னிக்கு ஒரு கண் ஆஸ்பத்திரி தாருங்கள் என்று தயவாகக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் பகுதியில் வசிக்கும் ஒருவர்